காற்றை அடைத்து எறியும் ஈட்டி

பெங்களூருக்குக் கடல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில், எந்தக் கரைக்குப் போவதாயினும் சுமார் 300 கிலோமீட்டர் கடந்தாக வேண்டிய மேட்டு நிலத்தில் இந்நகரம் அமைந்திருக்கிறது. அவ்வாறிருக்க, கடலில் மீனை எய்யும் கருவியைப் பற்றி இங்கிருந்து ஏன் பேச வேண்டும் என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு. தூத்துக்குடி, இராமநாதபுரம், நாகப்பட்டினம், கடலூர் முதலிய கரையோர ஊர்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து இங்கே குடியேறிய நம்மவர் பலர். கடல் இல்லாத இந்நகரத்தில் கடலோரத்தில் எளிதிற் கிடைக்காத ஒரு பொருள் தாராளமாக இருக்கிறது. அதுதான் லேத் எந்திரமும், அதில் நின்று பழகிய கையும்.

1940இல் விமானத் தொழிற்சாலை வந்தது. 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின. ஜாலஹள்ளியிலும் பின்னர் பீண்யாவிலும் நுண்ணிய அளவுக்கு இரும்பைக் கடையும் தொழில் வேரூன்றியது. அந்தப் பட்டறைகளில் தொழில் பயின்ற தமிழர்களில் சிலர், ஓய்வு பெற்ற பின் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு லேத்தும் ஒரு வைஸும் வைத்துக்கொண்டு எதையேனும் செய்துகொண்டே இருக்கின்றனர். விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று கடலில் மூழ்கிப் பழகிய இளைஞன் ஒருவன் அவர்களிடம் வந்து, “பெரியப்பா, காற்றழுத்த ஈட்டித் துப்பாக்கியை நாமே செய்ய முடியாதா?” என்று கேட்பது புதுமையன்று. இக்கேள்விக்கு விடை கூறுவதே நம் நோக்கம். முடியும் என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பொறுப்பற்ற விடையாகும். எதனால் முடியும், எங்கே கை பிழைத்தால் உயிர் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காற்றைக் கொண்டு மீனை எய்வது மேலை நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிடலாகாது. சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் தென்னிந்திய ஊதுகுழல்களையும் வளைதடிகளையும் குறுக்கு விற்களையும் பற்றி விரிவான ஒரு கட்டுரை வெளியிட்டார். தமிழ் மாவட்டங்களில் சிறு பறவைகளை வீழ்த்த நீண்ட ஊதுகுழல் பயன்பட்டது. மலையாளக் கரையிலோ அதே குழல் மீனை எய்யப் பயன்பட்டது. கமுகு மரத்தில் செய்த குழலில் முள் பொருந்திய இரும்பு அம்பை வைத்து, அம்பில் நூலைக் கட்டி, நீர்ப்பரப்பின் அருகே வரும் மீன்மேல் ஊதி எய்தார்கள். மீனோடு அம்பும் நூலைப் பிடித்திழுக்க வந்து சேரும். காற்று, குழல், ஈட்டி, நூல் ஆகிய நான்கும் அன்றே ஒன்று கூடிவிட்டன. மனிதனின் நுரையீரல் தரும் அழுத்தம் மிகச் சிறிது என்பது ஒன்றே குறை. நீரின் மேலிருந்து எய்வதற்கு அது போதும். நீருக்குள்ளிருந்து எய்வதற்குப் போதாது.

சிற்றூரில் வளர்ந்தோர் மற்றொரு கருவியையும் அறிந்திருப்பர். மெல்லிய மூங்கில் குழலின் ஒரு முனையில் பச்சைக்காய் ஒன்றை அடைத்து, மறு முனையில் இன்னொரு காயை வைத்துக் குச்சியால் தள்ளினால், இடையில் சிக்கிய காற்று ஒடுங்கி, முன்னுள்ள காய் ‘பட்’டென்று பறக்கும். பஸ்தார்ப் பகுதியின் ஜகதல்பூரில் நிகழும் கோஞ்சாத் திருவிழாவில், ‘துப்கி’ எனப்படும் இத்தகைய மூங்கில் துப்பாக்கியை வெடித்துத் தேருக்கு மரியாதை செய்யும் வழக்கம் உண்டு. இந்த விளையாட்டுப் பொருளை மனத்தில் இருத்திக்கொண்டால் நம் கருவியில் பாதி விளங்கிவிடும்.

மறு பாதியில்தான் பலரும் தவறாக எண்ணுகின்றனர். காற்றழுத்தத் துப்பாக்கி என்றதும், ஒவ்வோர் எய்தலுக்கும் சிறிது காற்று வெளியேறி ஈட்டியைத் தள்ளுகிறது என்று கருதுவது இயல்பு. கோலார் தங்கவயலில் நம் முன்னோர் பிடித்த பாறைத் துளைக்கருவியில் அவ்வாறே நிகழ்ந்தது. 2001இல் அச்சுரங்கம் மூடப்படும் வரை, மேலே இயங்கிய எந்திரங்கள் காற்றை அழுத்திக் குழாய் வழியே கீழே அனுப்பின. கருவியை அடித்துவிட்டு அக்காற்று சுரங்கத்தில் கலந்தது. ஈட்டித் துப்பாக்கியிலோ காற்று வெளியேறுவதே இல்லை. ஒரு முறை அடைத்த காற்று மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கிறது. அது வில்லின் நாண் செய்யும் வேலையைச் செய்கிறது. ஈட்டியை உள்ளே தள்ளும்போது நம் கை அந்தக் காற்றை மேலும் நெருக்குகிறது. விசையை இழுத்ததும் காற்று தன் பழைய இடத்தைப் பிடிக்க விரிகிறது. மீனைத் தைக்கும் ஆற்றல் முழுவதும், சில விநாடிகளுக்கு முன் நம் தோளிலிருந்து சென்ற ஆற்றலே.

கருவியின் அமைப்பைச் சொல்வோம். வெளிக்குழல் ஒன்று; அதனுள்ளே மெல்லிய உட்குழல் ஒன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியே காற்றறை. உட்குழலுக்குள் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் வழுக்கும். பிஸ்டனுக்குப் பின்புறம் காற்றறையின் அழுத்தம். முன்புறம் கடல் நீர். வாயில் மெத்தை போன்ற ஒரு தடுப்பு இருப்பதால் பிஸ்டன் வெளியே ஓடிவிடாமல் அங்கே வந்து நிற்கும். ஈட்டியின் அடிமுனையைப் பிஸ்டனில் பொருத்திக் கையால் உள்ளே தள்ளுகிறோம். கடைசியில் பிஸ்டனின் வாலில் உள்ள காளான் வடிவக் குமிழ் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் கொக்கி விலகும். பிஸ்டன் பாய்ந்து வந்து தடுப்பில் நிற்க, ஈட்டி மட்டும் தொடர்ந்து செல்லும். வாயருகே உள்ள துளைகள் வழியே குழலில் இருந்த நீர் வெளியேறும். இத்தாலியில் ரப்பல்லோ என்னும் ஊரில் 1949இல் லுடோவிகோ மாரெஸ் தொடங்கிய நிறுவனம் முதலியவை 1960களில் இத்தகைய கருவிகளை உலகெங்கும் பரப்பின. அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதும் மாறவில்லை.

கணக்கு சிறிது பார்ப்போம், அஞ்ச வேண்டுவதில்லை. உட்குழலின் உள்விட்டம் 13 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 1.33 சதுர சென்டிமீட்டர். ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. காற்றறையில் 20 வளிமண்டல அழுத்தம் இருந்தால் பிஸ்டன்மேல் 27 கிலோ விழும். காற்றறை 560 கன சென்டிமீட்டர், உட்குழலில் பிஸ்டன் ஓடும் தொலைவு 60 சென்டிமீட்டர் என்றால், ஈட்டியை முற்றும் தள்ளியபின் அழுத்தம் 23 ஆக உயரும். பிஸ்டன்மேல் 30 கிலோவுக்குச் சற்றே மிகும். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி இங்கே கண்முன் நிற்கிறது. கொள்ளளவு குறைந்தால் அதே விகிதத்தில் அழுத்தம் கூடும். மொத்தத்தில் நம் கை செய்யும் வேலை, 17 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமம். அது பெரிதன்று; ஆயினும் மெல்லிய எஃகு ஈட்டியின் கூர்முனையில் அது சேரும்போது மீனின் முதுகெலும்பைத் துளைக்கப் போதும். மனிதக் காலையும் துளைக்கும்.

முதன்முறை காற்றை அடைப்பது எப்படி? வீட்டில் உள்ள சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு முயல்வோர் பத்து நிமிடத்தில் சோர்ந்து விடுவர். சாதாரணச் சைக்கிள் பம்பின் உள்விட்டம் 3 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். 20 வளிமண்டல அழுத்தத்தை எதிர்த்து அதைத் தள்ள 140 கிலோ வேண்டும். அத்தனை எடையுள்ளோர் நம்மில் அரியர்! ஆதலின் பம்பு மெலிந்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் உள்விட்டமும் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பம்பை அதே அழுத்தத்தில் தள்ள 16 கிலோ போதும். ஆனால் ஒவ்வொரு தள்ளலுக்கும் 20 கன சென்டிமீட்டர்க் காற்றே செல்லும். கருவியின் மொத்தக் கொள்ளளவு 640 கன சென்டிமீட்டர். அதை 20 வளிமண்டல அழுத்தத்திற்கு உயர்த்த, பம்பில் வீணே தங்கும் காற்றைக் கணக்கில் கொள்ளாவிடினும், 640 முறை தள்ள வேண்டும்.

இது கடற்கரைக் கணக்கு. பெங்களூரில் கணக்கு வேறு. இந்நகரின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கே. பம்பு ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்தது. ஆகவே இங்கே 710 முறை தள்ள வேண்டியிருக்கும். புதிதாகக் குடியேறியவர், இவ்வூரில் பருப்பு வேக நேரமாகிறது என்று குறை கூறுவதற்கும் காரணம் இதுவே. பம்பை விரைந்து தள்ளினால் காற்றுச் சூடேறும். சூடான காற்றின் அழுத்தம் மிகுந்து தோன்றிப் பின்னர் ஆறியதும் தாழும். பம்பின் வளையங்களும் விரைவில் தேயும். ஐம்பது முறைக்கொரு தரம் ஓய்வு கொள்ளுதல் கருவிக்கும் நல்லது, தோளுக்கும் நல்லது.

இனிப் பட்டறைக்குள் செல்வோம். குழாய் தேர்வதிலேயே வேலையின் பெரும்பகுதி முடிவாகிறது. உட்குழலுக்குத் தையலில்லாத துருவுறா எஃகுக் குழாய் வேண்டும். பற்றவைத்த குழாயின் உள்ளே நெடுக ஓடும் மெல்லிய வரம்பு பிஸ்டன் வளையத்தை ஒவ்வோர் ஓட்டத்திலும் அறுக்கும். குறுக்கே விழுந்த கீறலைவிட நெடுக்கே விழுந்த கீறல் கொடியது. காற்று அந்த வாய்க்கால் வழியே முழு நீளமும் கசியும். குழாய் நேராக இருக்கிறதா என்பதை அறிய அளவுகோல் வேண்டா. சன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தால் ஒளி வளையங்கள் ஒன்றினுள் ஒன்றாகத் தெரியும். அவை ஒரே மையத்தில் அமைந்தால் குழாய் நேர். ஒரு பக்கம் ஒதுங்கினால் கோணல். பின்னர் மரக்கோலில் நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் விட்டு, சுழற்றிக்கொண்டே முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்ற வேண்டும். இவ்வேலைக்கு ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். அவசரப்படுவோர் இங்கேயே தோற்றுப் போகின்றனர்.

காற்றைக் காப்பது ஓ-ரிங் என வழங்கும் ரப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் 1939இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இத்துணை எளிய பொருள் அத்துணைக் காலம் தோன்றாதிருந்தது வியப்பே. அதன் நுட்பம் வளையத்தில் இல்லை, அது அமரும் பள்ளத்தில் இருக்கிறது. பள்ளம் வளையத்தைச் சற்றே நசுக்க வேண்டும். அதே வேளையில் பக்கவாட்டில் சிறிது இடம் விட வேண்டும். அழுத்தம் வந்ததும் வளையம் பள்ளத்தின் ஓரத்திற்கு ஒதுங்கித் தன் உடலாலேயே இடுக்கை அடைக்கிறது. அழுத்தம் மிகுந்தால் அடைப்பும் மிகும். பள்ளத்தை ஆழமாகக் கடைந்துவிட்டால் வளையம் தளர்ந்து கசியும். ஆழமின்றிக் கடைந்தால் பிஸ்டன் நகராது. சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்யலாமே என்று சிலர் கேட்பர். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வளையம் பெங்களூரில் ஜே.சி. சாலைப் பக்கத்துக் கடைகளில் சில ரூபாய்க்கு அகப்படும்போது அந்தச் சிக்கனம் தேவையற்றது.

துப்பாக்கியைத் தொடங்குமுன் பம்பைச் செய்து பார்ப்பது நல்லது என்பது நம் கருத்து. உட்குழல், பிஸ்டன், ஓ-ரிங், ஒருவழி வால்வு ஆகிய எல்லாம் பம்பிலும் உண்டு. பிழைத்தால் இழப்பு சிறிது. பம்பின் முனையில் சிறு அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி, மாலையில் அழுத்தம் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திவிட்டு உறங்கச் செல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால், ஒரு குமிழி எழுந்தாலும், மறுபடி லேத்துக்குச் செல்ல வேண்டியதுதான். ஓர் இரவு காற்றைப் பிடித்து வைக்கும் பம்பு செய்யத் தெரிந்தவர் அடுத்த படிக்குத் தகுதி பெற்றவர்.

அடுத்த படியில்தான் உயிருக்கு அபாயம் உள்ள இடம் வருகிறது. ஈட்டியின் முனையே அபாயம் என்று எல்லோரும் அஞ்சுகின்றனர். அம்முனையைப் பார்த்தாலே பயம் வருவதால் அதனிடத்தில் எச்சரிக்கையும் தானே வந்துவிடும். காண முடியாத அபாயம் எய்பவரின் முகத்தை நோக்கி இருக்கிறது. அது வெளிக்குழலின் பின்மூடி. பிஸ்டனின் பரப்பு 1.33 சதுர சென்டிமீட்டர் என்று கண்டோம். வெளிக்குழலின் உள்விட்டம் 36 மில்லிமீட்டர் என்றால் பின்மூடியின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டருக்கு மேல். அதே 23 வளிமண்டல அழுத்தம் அதன்மேல் 235 கிலோவாக விழுகிறது. ஏறக்குறைய ஐந்து சிமென்ட் மூட்டைகளை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மூடியின் நாலைந்து மரைகள் தாங்கி நிற்கின்றன. ஈட்டி எய்யும் பொழுதில் மட்டும் பாய்வது. இந்த மூடியோ இரவும் பகலும், அலமாரியில் தூங்கும்போதும், தள்ளிக்கொண்டே இருப்பது.

நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அழகாகக் கடைந்த வெளிக்குழலைக் கொண்டுவந்து, பட்டறையின் மூத்த தொழிலாளி ஒருவரிடம் காட்டினார். அம்முதியவர் மரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயா?” என்று கேட்டார். “இல்லை அண்ணே, நேரே காற்றே அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார் இளைஞர். முதியவர் மறுமொழி கூறாமல் குழலை வைஸில் பூட்டி, மூடியின் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். தண்ணீர் நிரப்பி எண்ணெய்க் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். முள் 18ஐ எட்டியபோது ‘டக்’கென்று ஒரு சிறு ஒலி கேட்டது. மூடி ஒரு விரற்கடை வெளியே வந்து நின்றது. ஓரத்தில் தண்ணீர் வடிந்தது. அவ்வளவுதான். மரையின் பற்கள் பாதி ஆழமே வெட்டப்பட்டிருந்தன. இளைஞரின் முகம் வெளுத்துப் போயிற்று. முதியவர் தேநீர் குடிக்கச் சென்றார்.

தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒலியில் அடங்கியிருக்கிறது. தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அது பெரும்பாலும் சுருங்குவதில்லை. சுருங்காத பொருள் ஆற்றலைச் சேமிப்பதுமில்லை. மூடி சற்றே நகர்ந்ததும் அழுத்தம் அறவே வீழ்ந்துவிடும். அதே அழுத்தத்தில் அதே குழலில் உள்ள காற்று, தண்ணீரைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மிகுதியான ஆற்றலைத் தன்னுள் சுருட்டி வைத்திருக்கும். மூடி கழன்றாலும் அது விரிந்துகொண்டே வந்து, மூடியைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும். ஆகவே முதற்சோதனை என்றும் தண்ணீரால்தான். உள்ளே ஒரு குமிழியும் தங்காமல் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, சில நிமிடம் நிறுத்த வேண்டும். ஏற்றுமுன்னும் இறக்கியபின்னும் வெளிவிட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். சிறிதேனும் பருத்திருந்தால் அக்குழாய் இரும்புக்கடைக்கு உரியது.

பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் மலிவு, கையால் அறுக்கலாம், பசையால் ஒட்டலாம் என்று அதை நாடுவோர் உண்டு. வேண்டவே வேண்டா. அக்குழாய் தண்ணீர் அழுத்தத்திற்கென வார்க்கப்பட்டது. காற்றை அடைத்தால் உடையும்போது கிழிவதில்லை, கண்ணாடிச் சில்லுகளாகச் சிதறும். மற்றொரு கொடிய குறுக்குவழியும் உண்டு. எழுநூறு முறை பம்பு தள்ள அலுத்தவர், பக்கத்துப் பற்றவைப்புப் பட்டறையில் உள்ள ஆக்சிஜன் உருளையிலிருந்து நிரப்பிக்கொள்ள நினைக்கலாம். கருவிக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தம் மிக்க ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பொறியே இல்லாமல் வெடிக்கும்.

பெங்களூர்வாசிகள் எளிதில் மறப்பது உப்பு. இங்குள்ள தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் கெடாத கருவி, கடலில் ஒரு பருவத்தில் கெட்டுவிடும். அலுமினியக் குழலில் பித்தளை மூடியைப் பூட்டினால், இடையில் கடல்நீர் புகுந்ததும் மின்கலத்தில் நிகழ்வது அங்கே நிகழத் தொடங்கும், அலுமினியம் அரிக்கப்படும். எங்கே அரிக்கும்? இரு உலோகமும் நெருங்கித் தொடும் மரையில். 235 கிலோவைத் தாங்க வேண்டிய அதே மரையில், கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில். முதலாண்டில் தண்ணீர்ச் சோதனையில் வென்ற மூடி மூன்றாம் ஆண்டில் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை. கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் அலசி உலர்த்துவதும், ஆண்டுக்கொரு முறை காற்றை இறக்கி, பிரித்து, மரையைப் பார்த்து, மீண்டும் தண்ணீரால் சோதிப்பதும் கட்டாயம். காற்று இருக்கும்போது ஒரு திருகைக்கூடத் தளர்த்தலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்லி வைக்கிறோம்.

கருவியை நீருக்கு வெளியே எய்து காட்டுவதும் தவறு. நீருக்குள் எய்யும்போது வெளியேறும் நீரே பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கிறது. கரையில் எய்தால் பிஸ்டன் முழு வேகத்தோடு வாய்த் தடுப்பில் மோதி அதை உடைக்கலாம். காற்றில் பறக்கும் ஈட்டி எவ்வளவு தூரம் செல்லும் என்றும் சொல்ல முடியாது. நீரோ காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி உடையது. இவ்வளவு கருவியிலிருந்து புறப்பட்ட ஈட்டி அதில் சில மீட்டர் சென்றதும் தளர்ந்துவிடும். ஆகையால் ஈட்டியை மாட்டுவதும் எய்வதும் இடுப்பளவு நீரிலாவது இறங்கிய பின்னரே, முனையை ஆளில்லாத் திசைக்குக் காட்டியே செய்யத் தக்கவை. தள்ளும்போது உள்ளங்கையை ஈட்டியின் நேர்க்கோட்டில் வைக்கலாகாது. கொக்கி பிடிக்காமல் நழுவினால் ஈட்டி வந்த வழியே திரும்பும். முனைக்குக் குறுக்கே மாட்டும் கைப்பிடி ஒன்றைக் கடைந்து வைத்துக்கொள்ளுதல் நன்று. பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கடல் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். அவ்வாழத்தில் 20 என்பது 19 ஆகும். மூச்சை அடக்கி மூழ்குவோருக்கு அது பொருட்படுத்தத் தக்க குறைவன்று. தனியே மூழ்குவதுதான் பொருட்படுத்தத் தக்கது. 1961 வரை மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள், கயிற்றைப் பிடிக்க மேலே ஓர் ஆளில்லாமல் நீரில் இறங்கியதில்லை.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். குழாய் வாங்குமுன்னரே இதைச் செய்ய வேண்டும். கட்டுரையில் கடைசியில் வருவதால் கடைசியில் செய்யலாம் என்று கொள்ளற்க. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றிச் சுடுகலன் செய்வதைத் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் காற்றால் இயங்கும் துப்பாக்கிகளையும் கருத்தில் கொள்கின்றன. நீருக்கடியில் பயன்படும் மீன் கருவிதானே என்று நாமாக முடிவு செய்துகொள்வது முறையன்று. காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெற்றுக்கொள்வதே தக்கது. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இருமடங்கு கவனம் தேவை. இவ்வூர் ஏரிகளில் இதைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமும் வேண்டா. அல்சூர் ஏரியின் கலங்கிய நீரில் எதிரே இருப்பது மீனா மனிதனா என்பதே தெரியாது. சொந்த ஊர்க் கடலிலும் எல்லா இடமும் நமக்கு உரியதன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கே மீன்பிடித்தலுக்கு இடமில்லை. வலையில் சிக்கியதை வேண்டாமென்றால் நீரில் விடலாம். ஈட்டி தைத்த மீனை விட முடியாது. எய்யுமுன் இது எந்த மீன், எவ்வளவு பெரிது என்று அறிந்திருத்தல் எய்பவரின் கடமை.

இவ்வளவும் கேட்டபின், “பெரியப்பா, ரப்பர் நாண் பூட்டிய மரத் துப்பாக்கியே போதும் போலிருக்கிறதே” என்று அந்த இளைஞன் கூறினால் நாம் வருந்தப் போவதில்லை. அதில் பின்மூடி இல்லை. அறுந்தால் ரப்பர் அறும், அவ்வளவே. அது நீளமானது, பாறை இடுக்குகளில் திருப்ப வசதியற்றது. காற்றழுத்தக் கருவி குட்டையாக இருந்தும் வலிமை தரும். அவ்வசதிக்கு ஈடாகத் தண்ணீர்ச் சோதனையும் ஆண்டுதோறும் பிரித்துப் பார்த்தலும் வேண்டியிருக்கின்றன. அவற்றைச் செய்யும் பொறுமை தமக்கு உண்டா என்பதை அவரவர் பட்டறையில் நின்று அவரவரே தீர்மானிக்க வேண்டும்.

உண்டென்று துணிந்து செய்து முடித்தவர்க்கு ஒரு குறிப்பு. ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முன்னர் கருவியின் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். அழுத்தம் ஏறிய குழலை ஆட்கள் நெருங்கிய பேருந்திலோ, வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியிலோ வைத்துச் செல்லக் கூடாது. ஈட்டியைத் தனியே கழற்றி, முனைக்குத் தக்கை செருகி, துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பம்பை மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கரையில் போய் அடைத்துக்கொள்ளலாம். அங்கே எழுபது தள்ளல் குறையும்.